செவ்வாயிலிருந்து பைல் இறக்கிய பீன்யா!
ஊர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதே பாடம்

பீன்யாவில் வேலை பார்க்கும் கிளார்க் ஒருவர் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார். "பழைய டி.சி. நகலும் பிறப்புச் சான்றிதழ் நகலும் மாலைக்குள் வேண்டும்" என்கிறார்கள். இரண்டையும் அவர் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். ஆனால் அவை இருப்பது ஊரில் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டரில். வீட்டில் வயதான பெற்றோர் மட்டுமே. பஸ் ஏறினால் ஒரு நாள் சம்பளமும் டிக்கெட் பணமும் போயிற்று. மாலைக் கெடுவும் தவறிவிடும். இங்கிருந்தே எடுக்கலாம் என்றால் ஊரில் லைன் மெதுவோ மெது. என்ன செய்வது?

இதைவிட மெதுவான லைனில், இதைவிட நீண்ட தூரத்திலிருந்து பைல் இறக்கிக் காட்டிய இடம் ஒன்று உண்டு. அது நாம் தினமும் வேலைக்குப் போகும் பீன்யாவிலேயே இருக்கிறது!

22 கோடி கிலோ மீட்டர்

பீன்யா தொழிற்பேட்டையில்தான் இஸ்ரோவின் 'இஸ்ட்ராக்' நிலையம் இருக்கிறது. விண்வெளிக்குப் போன கலங்களோடு பேசும் இடம் அது. 2023 ஆகஸ்டு 23-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது கட்டளை பிறந்தது இங்கேதான். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

அதற்கும் முன்னால், 2014 செப்டம்பர் 24-ல் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. அதன் திட்ட இயக்குநர் அருணன் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். அன்று செவ்வாய் இருந்த தூரம் சுமார் 22 கோடி கி.மீ. ஒளி வேகத்தில் பாயும் ரேடியோ அலையே ஒரு வழி போய்ச்சேர சுமார் 12 நிமிடம். "வந்ததா?" என்று கேட்டுப் பதில் பெற 24 நிமிடம்!

வேகமோ, விநாடிக்கு 5 ஆயிரம் முதல் 40 ஆயிரம் 'பிட்' வரைதான். 1 மெகாபைட் போட்டோ என்பது சுமார் 80 லட்சம் பிட். நல்ல வேகத்திலேயே அது இறங்க 3 நிமிடம் 20 விநாடி. குறைந்த வேகத்தில் ஏறக்குறைய 27 நிமிடம். அந்த லைனில்தான் செவ்வாயின் படங்கள் வந்தன.

எப்படிச் சாதித்தார்கள்?

கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, மறுபடி கேள்வி கேட்டால் காரியம் ஆகாது. ஆகவே செய்ய வேண்டியதை எல்லாம் கட்டளைகளாக எழுதி முன்கூட்டியே ஏற்றிவிட்டார்கள். செவ்வாயை நெருங்கியபோது என்ஜினைக் கொளுத்தும் வேலையைக் கலமே செய்து முடித்தது. எடுத்த படங்களைக் கலத்திலேயே சேமித்து வைத்து, தொடர்பு கிடைக்கும் நேரத்தில் இறக்கினார்கள். பெங்களூருக்கு வெளியே சுமார் 40 கி.மீ. தூரத்தில், பியாலாளு கிராமத்தில் உள்ள 32 மீட்டர் குறுக்களவு கொண்ட பெரிய ஆன்டெனா, மெலிந்து வரும் அந்த அலைகளைப் பிடித்தது.

வேலையை அந்தப் பக்கத்திலேயே முடி. தேவையானதை மட்டும் கொண்டு வா. இதுதான் சூட்சுமம்.

நம் வீட்டுக்கு வருவோம்

பெங்களூரிலிருந்து நெல்லைப் பக்கம் 600 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி அதைக் கடக்க, விநாடியை ஆயிரமாகப் பங்கு போட்டால் 3 பங்கு போதும். ஆகவே தூரத்தின் மேல் பழி இல்லை. பல வீட்டு இணைப்புகளில் உள்ளே வரும் வேகம் அதிகம்; வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம் குறைவு. சிக்கல் அங்கேதான்.

வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையையே இங்கே வரவழைத்துப் பார்ப்பது பலருடைய வழக்கம். மவுஸ் நகரும் ஒவ்வொரு முறையும் படம் மாறி மாறி வரவேண்டும். மெதுவான லைன் அதிலேயே திணறிவிடும். அதற்குப் பதிலாக, முதலில் பைல் பெயர்களின் பட்டியலை மட்டும் வாங்குங்கள். பிறகு வேண்டிய ஒரு பைலை மட்டும் கேளுங்கள்.

விநாடிக்கு 1 லட்சம் பிட் போகும் லைனில் 5 மெகாபைட் ஸ்கேன் வர சுமார் 6 நிமிடம் 40 விநாடி ஆகும். அதையே அரை மெகாபைட்டாகச் சுருக்கி வைத்திருந்தால் 40 விநாடி. எழுத்து படிக்க அது தாராளம். ஸ்கேன் செய்யும் நாளிலேயே இந்தச் சிறு நகலையும் எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

கடைக் கணக்கு போன்ற அன்றாடம் மாறும் பைல்களுக்கு வேறு வழி உண்டு. 1996-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 'ஆர்-சிங்க்' என்ற புரோகிராமை வெளியிட்டார்கள். இரு பக்கத்துப் பைல்களையும் ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அது அனுப்பும். இன்றும் அது இலவசம். இரவில் தானாக ஓடும்படி வைத்துவிட்டால், காலையில் புதுக் கணக்கு இங்கே வந்திருக்கும்.

எச்சரிக்கை ஒன்று. வீட்டுக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் அப்படியே திறந்து வைப்பது, தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது போல. 'வி.பி.என்.' என்னும் தனிப் பாதை வழியாக மட்டுமே உள்ளே போக வேண்டும். பாஸ்வேர்டும் பலமாக இருக்க வேண்டும்.

கடைசிப் பாடம்

எவ்வளவு செய்தாலும், ஊரில் கரண்டு போனால் கதை முடிந்தது. மங்கள்யானுக்கும் முடிவு அப்படித்தான் வந்தது. 2022 ஏப்ரலில் நீண்ட கிரகணம் ஒன்றில் சூரிய ஒளி கிடைக்காமல் தொடர்பு அறுந்தது. பிறகு எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை. ஆனால் அதுவரை இறக்கிய படங்கள் பூமியில் பத்திரமாக இருக்கின்றன.

லைன் இருக்கும்போதே நகல் எடுத்து இங்கே ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் கேட்கும் நாளன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டாம்.