வெயிலைத் தேடாத செடி

செடி என்றால் பச்சை. வெயிலில் நின்று தன் சர்க்கரையைத் தானே தயாரித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். டீ ஆறுவதற்குள், இந்தக் கணக்கில் சேராத ஒரு குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். திஸ்மியேசி என்று பெயர்.

போர்னியோ மழைக்காட்டில் உதிர்ந்த இலைகளை விலக்கிப் பார்த்தால்தான் இந்தக் குடும்பத்துத் திஸ்மியா செடி கண்ணில் படும். பெரும்பாலும் விரல் நீளம்கூட இராது. இலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் செதில். பச்சையம் துளியும் கிடையாது. பூ மட்டும் விசித்திரம்: குடுவை வடிவம், சில வகைகளில் வாயருகே மூன்று கொம்புகள் நீண்டு நிற்கும், உள்ளே ஆறு மகரந்தத் தாள்களும் தலைகீழாகத் தொங்கும்.

சரி, சாப்பாடு? இலைமட்கைத் தின்று வாழ்கிறது என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். மட்கைச் செரிக்கும் வேலை இதனால் ஆகாது. சூட்சுமம் மண்ணுக்குள் இருக்கிறது. மரவேருக்குள் நுண்ணிய பூஞ்சை இழைகள் குடியிருக்கின்றன. வேர் எட்டாத இடத்து பாஸ்பரஸை இழை கொண்டுவந்து தரும்; பதிலுக்கு மரம் சர்க்கரை தரும். நியாயமான கொடுக்கல் வாங்கல்தான். அதே இழைகள் திஸ்மியாவின் வேருக்குள்ளும் நுழைந்து, செல்லுக்குள் சுருண்டு கிடக்கும். செடி அவற்றைச் செரித்துக்கொள்ளும். பூஞ்சைக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது? தெரிந்தவரை ஒன்றுமில்லை. டீயைக் குடித்துவிட்டு அடுத்தவர் கணக்கில் எழுதச் சொல்கிற ஆள்தான் இது. கணக்குத் தீர்ப்பது வெயிலில் நிற்கும் மரம்.

வெயில் தேவையில்லை என்பதால், பூக்கும் சில நாட்கள் தவிர மற்ற நேரமெல்லாம் மண்ணுக்கடியிலேயே இருந்துவிடலாம். அதனால்தான் அடிக்கடி 'காணாமல்' போகிறது. இத்தாலியரான பெக்காரி 1866-இல் சரவாக்கில் பார்த்த ஒரு வகை, 2017-இல்தான் மறுபடி தென்பட்டது. மழைக்காட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சிகாகோவில் நார்மா ஃபைஃபர் 1912-இல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1916-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

நமக்குப் பக்கத்திலும் ஒரு சொந்தம் உண்டு. பரம்பிக்குளத்தில் 1951-இல் கிடைத்த ஹாப்லோதிஸ்மியா, மேற்குத் தொடர்ச்சி மலையில் மீண்டும் அகப்பட்டது 2000-இல். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போய், இலைக்குவியலில் இப்படி எதையாவது பார்த்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிடுங்கிவிடாதீர்கள். பூஞ்சையும் மரமும் கூட வராமல் உங்கள் தொட்டியில் அது பிழைக்காது.