கறுத்த எண்ணெயும் மலிவுப் பலகாரமும்

வாரச் சந்தை கூடும் ஊர்களில் மாலை 4 மணிக்கு மேல் தள்ளுவண்டிகளைச் சுற்றித்தான் கூட்டம். காய்கறி மூட்டையை விற்று முடித்தவர்கள், ஆட்டுக்குட்டி பிடிக்க வந்தவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் பஜ்ஜி, போண்டா, சில்லி சிக்கன் என்று வாங்கித் தின்கிறார்கள். வயலுக்கும் இப்பழக்கம் வந்துவிட்டது. களையெடுக்கும் ஆட்களுக்கு முன்பெல்லாம் 11 மணிக்குக் கூழோ மோரோ கொடுத்த நிலத்துக்காரர்கள் பலர் இப்போது டீயும் வடையும் வாங்கிவரச் சொல்கிறார்கள். செலவு குறைவு, அலைச்சலும் இல்லை. ஆனால் இந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு கடையில் மாலையில் 4 லிட்டர் எண்ணெய் காய்கிறது. கடை கட்டும்போது 2 லிட்டர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 150 ரூபாய் என்றால் மிஞ்சியது 300 ரூபாய். 10 ரூபாய் பஜ்ஜி 30 விற்ற பணம் அது. அதைக் கொட்டிவிட யாருக்கு மனம் வரும்? மறுநாள் அதன்மேலேயே புது எண்ணெய் ஊற்றப்படுகிறது. அடுத்த நாளும் அப்படியே. மாவு, வெங்காயம், அடுப்பு, ஆள் கூலி எதிலும் குறைக்க வழியில்லாத சிறு கடைக்காரர் எண்ணெயில்தான் மிச்சம் பிடிக்கிறார். அந்த மிச்சம், தின்பவர் உடம்பில் கடனாக ஏறுகிறது.

வாணலியில் நடப்பது என்ன?

பலகாரம் பொரியும் எண்ணெய் ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் வரை காய்கிறது. மாவிலுள்ள ஈரம் ஆவியாகும்போது எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரிக்கிறது. காற்றிலுள்ள பிராணவாயு சேர்ந்து எண்ணெயைச் சிக்குப் பிடிக்க வைக்கிறது. இரும்பு வாணலி இந்த மாற்றத்தை இன்னும் விரைவாக்கும். அடியில் கருகிக் கிடக்கும் மாவுத் துணுக்குகளும் தம் பங்கைச் செய்கின்றன. உடைந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசின்போல் ஆகிவிடுவதால்தான் பழைய எண்ணெய் கொழகொழவென்று கையில் ஒட்டுகிறது.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் கெடும். கடலை எண்ணெய் சற்றுத் தாங்கும். பாமாயில் அதைவிடத் தாங்கும்; விலையும் குறைவு என்பதால் கடைகளில் அதற்கே முதலிடம். தாங்கும் என்றால் கெடாது என்று பொருளல்ல. தவிர, அதில் பாதிக்குச் சற்றுக் குறைய பூரிதக் கொழுப்புத்தான். செக்கு எண்ணெய் என்றால் எத்தனை முறை காய்ச்சினாலும் நல்லது என்று நினைப்போரும் உண்டு. அதுவும் தவறு. சுத்திகரிக்காத எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கிவிடும்.

மலேசியாவில் ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்குப் பலமுறை காய்ச்சிய பாமாயிலையும் சோயா எண்ணெயையும் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. இரத்தக் குழாய்களும் பாதிக்கப்பட்டன. மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், அலட்சியப்படுத்தக் கூடிய செய்தி அல்ல. திரும்பத் திரும்பக் காய்வதால் 'டிரான்ஸ்' கொழுப்பும் சிறிதளவு உண்டாகிறது. இக்கொழுப்பு இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கும். வனஸ்பதியில் முன்பு இது மிகுதியாக இருந்தது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி செய்யப்பட்டுள்ளது.

இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பட்டணத்து வியாதிகள் என்றிருந்த காலம் போய்விட்டது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில்தான் தொடங்கியது. இதற்கெல்லாம் பஜ்ஜி மட்டுமே காரணம் அல்ல. உப்பு, புகையிலை, சாராயம், பரம்பரை எல்லாம் உண்டு. ஆனால் மாத்திரை இலவசமாக வந்தாலும், மாரடைப்பு வந்து படுத்துவிட்டவரின் ஒரு போகச் சாகுபடி திரும்ப வராது.

சட்டமும் சந்தையும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் ஒரு வரம்பு விதித்துள்ளது. காய்ந்து கெட்ட பொருள்கள், அதாவது மொத்தத் துருவச் சேர்மங்கள், 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் நிறுவனங்கள் கணக்கு எழுதி, பழைய எண்ணெயைப் பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அது பயோ டீசலாக மாற்றப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரிய கடையில் கழித்த எண்ணெய் குறைந்த விலைக்குச் சிறு கடைக்கு வந்துசேர்ந்தால், அந்த வாணலியை அளந்து பார்க்க யார் வருவார்கள்? கடைக்காரரும் பாவம், அந்தப் புகையை நாள் முழுதும் சுவாசிப்பவர் அவர்தான்.

அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. பலகாரம் போடும் முன்பே எண்ணெய் புகைகிறதா, நுரை பொங்கி அடங்காமல் நிற்கிறதா, நிறம் காப்பி டிகாக்ஷன்போல் இருக்கிறதா, தொண்டையைக் கமறச் செய்யும் நெடி வருகிறதா என்று பார்த்தால் போதும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அக்கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிலக்கடலை விளைவிக்கும் ஊர்களிலேயே காயை மூட்டையாக வியாபாரிக்குப் போட்டுவிட்டு, ஆட்களுக்குப் பாமாயில் வடை வாங்கித் தருகிறார்கள். ஒரு படி பச்சைக் கடலையை உப்புப் போட்டு அவித்தால் பல பேருக்குப் போதும். காராமணிச் சுண்டல், கொழுக்கட்டை, கம்பங்கூழ் ஆகியவற்றுக்கும் எண்ணெய்ச் சட்டி வேண்டியதில்லை. வீட்டுக்குக் கடலை எடுத்துவைப்பவர்கள் காயை நன்றாகக் காயவைத்து, பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்த பிறகே செக்குக்குக் கொண்டுபோக வேண்டும். பூசணத்தால் உண்டாகும் 'அஃப்ளடாக்சின்' நஞ்சு ஈரலைக் கெடுப்பது. வடிகட்டாத எண்ணெயில் அது தங்கிவிடும்.

வீட்டில் அப்பளம், வடை பொரித்து மிஞ்சும் எண்ணெயை ஆறவைத்து, துணியில் வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிட வேண்டும். புது எண்ணெயோடு கலக்கக் கூடாது. கறுத்துப்போனதை மாட்டுத் தீவனத்தில் கலப்பதும், கிணற்றோரம் ஊற்றுவதும் கூடாது. மண்வெட்டி, களைக்கொத்து, கலப்பைக் கொழு ஆகியவற்றுக்குப் பூசிவைத்தால் துருப்பிடிக்காமல் இருக்கும்.