பழைய வீட்டை எவ்வளவுக்குக் கேட்பது?

வாடகை வீடுகளிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டு, ஓய்வு பெறும் தறுவாயில், "இனி ஊருக்குத் திரும்புவதற்கில்லை, பிள்ளைகளும் இங்கேயே வேரூன்றிவிட்டார்கள்" என்று தீர்மானிக்கும் குடும்பங்கள் ஹைதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் நம்மிடையே பல உண்டு. அவர்களுள் சிலருக்கு அடுக்கு மாடிக் குடியிருப்பில் மனம் செல்வதில்லை. முற்றத்தில் துளசி மாடமும் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரமும் வேண்டும். புதிய தனி வீடோ எட்டாத விலையில் இருக்கிறது. ஆகவே செப்பனிட வேண்டிய பழைய வீட்டை நாடுகிறார்கள். சேமநிதியும், ஊரில் பூர்வீக வீட்டை விற்றுக் கிடைத்த பங்கும் ஒருங்கே போய்ச் சேரும் இடம் அது. அதில் பிழை நேர்ந்தால் ஈடு செய்துகொள்ள வயது இடங்கொடாது.

அன்பர் ஒருவர், முன்னாளில் வாக்கர் டவுன் என வழங்கிய பத்மாராவ் நகரில் இத்தகைய வீடு ஒன்றைப் பார்த்தார். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய மெட்ராஸ் டெரஸ், ஷாபாத் கல் தரை, 200 சதுர கஜ நிலம். வீட்டுக்கார அம்மையார் 2 கோடி ரூபாய் என்றார். "பத்து லட்சம் குறைத்துக் கேட்கலாமா?" என்று அன்பர் எம்மிடம் வினவினார். சொன்ன விலையிலிருந்து இறங்கி வருவது பேரம். செப்பனிட்டபின் வீடு என்ன பெறும் என்பதிலிருந்து பின்னோக்கி வருவதே கணக்கு என்றோம்.

அளவைப் பற்றி ஒரு சொல். சென்னையில் நாம் பழகிய மனை 2,400 சதுர அடி. இவ்வூரில் நிலம் கஜத்தில் பேசப்படும். ஒரு சதுர கஜம் 9 சதுர அடி. அன்பர் பார்த்தது சரியாக முக்கால் மனை.

இனி அவர் கணக்கு. தொகைகளைச் சற்று முழுமையாக்கித் தருகிறோம். அதே தெருவில் அதே அளவு நிலத்தில் நன்னிலையில் உள்ள வீடு 2 கோடியே 40 லட்சத்துக்குப் போகும் என்று விசாரித்து அறிந்தார். மேஸ்திரி இட்ட மராமத்து மதிப்பீடு 35 லட்சம். சுவரை உடைத்தபின் வெளிப்படும் கோளாறுகளுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, 7 லட்சம். வேலை முடியும் வரை ஆறு மாத வாடகை ஒன்றரை லட்சம். இவற்றைக் கழித்தால் நிற்பது 196½ லட்சம். முத்திரைத்தாள், பதிவு முதலிய கட்டணங்கள் தெலுங்கானாவில் 2021 ஜூலையில் மொத்தம் ஏழரை சதவீதமாக உயர்த்தப்பட்டன. அதுவும் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். எனவே வீட்டுக்குத் தரக்கூடிய உச்ச விலை ஏறக்குறைய 1 கோடியே 82 லட்சம். முதலில் கேட்க வேண்டியதோ இன்னும் குறைவு.

இக்கணக்கின் உயிர்நாடி மராமத்து மதிப்பீடுதான். அதை மழை பெய்த மறுநாள் மேஸ்திரியோடு சென்று பார்த்தே போட வேண்டும். உத்தரத்தின் நடுப்பகுதி பளபளவென்றிருக்கும். சுவருக்குள் நுழையும் முனையில் ஆணியால் குத்திப் பார்த்தால்தான் கறையானும் உளுப்பும் தெரியவரும். சுண்ணாம்புச் சுவரின்மேல் பிற்காலத்தில் சிமெண்டு பூசியிருந்தால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிக் காரையை உப்பச் செய்யும். அன்பரின் வீட்டில் சமையலறைச் சுவர் அவ்வாறே இருந்தது. பழைய மின்கம்பிகளும் துருவேறிய இரும்புக் குழாய்களும் முழுதும் மாற்றத்தக்கவை; "பாதி மாற்றினால் போதும்" என்னும் யோசனையை நாம் நம்புவதில்லை.

சில குறைகளுக்கு விலைக் குறைப்பே மருந்தாகாது. கண்டோன்மென்ட் எல்லைக்குள் பழைய மானிய முறையில் உள்ள பங்களாக்களில் நிலம் அரசுடையது. விற்பவர் தருவது கட்டடத்தின் உரிமையை மட்டுமே. ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள் அமைந்த வீடு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். 2020 அக்டோபர் வெள்ளத்தில் ஏரியோரக் காலனிகள் பட்ட பாட்டையும், 2024-இல் தோன்றிய ஹைட்ரா அமைப்பு ஏரி எல்லைகளில் இடித்த கட்டடங்களையும் நாம் கண்டோம். வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரங்களும் வக்கீலின் பார்வைக்குச் செல்லும் முன் அச்சாரம் கொடுத்தல் ஆகாது. முன்பணத்தை ரொக்கமாகக் கேட்பார்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் அவ்வாறு பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. தவிர, 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் வங்கி தன் மதிப்பீட்டில் முக்கால் பங்கே தரும். பழைய கட்டடத்துக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் இடும் மதிப்போ மிகச் சொற்பம்.

அன்பர் மேஸ்திரியின் மதிப்பீட்டைத் தெலுங்கில் எழுதுவித்து அம்மையாரிடம் மரியாதையுடன் கொடுத்து, 1 கோடியே 70 லட்சம் என்று கேட்டார். அம்மையார் கோபிக்கவில்லை. "உத்தரம் அரித்திருப்பது எனக்கும் தெரியும், ஆனால் பில்டர் உத்தரத்தைப் பார்ப்பதில்லையே" என்றார். இவ்வூரின் பழைய பேட்டைகளில் இன்றுள்ள சங்கடம் அதுதான். வீட்டை இடித்து அடுக்கு மாடி எழுப்புவோருக்குக் கட்டடத்தின் நலிவு ஒரு பொருட்டன்று. அவர் கஜத்துக்கு 1 லட்சம் வீதம் நிலத்தை மட்டும் விலை பேசுகிறார். குடியிருக்க விரும்புபவரின் நியாயமான கணக்கு, இடிக்க விரும்புபவரின் கணக்குக்குத் தோற்றுப்போகிறது.

அன்பரின் மனைவியார் துளசி மாடத்தின் பொருட்டு இன்னும் சிறிது கூட்டலாமே என்றார். ஆசைக்கென்று 5 லட்சம் ஒதுக்கி, 1 கோடியே 87 லட்சம் வரை சென்று அன்பர் நின்றுவிட்டார். அதற்கு மேல் செல்வதானால் மகளின் கல்யாணத்துக்கென வைத்த வைப்பு நிதியைத் தொட வேண்டியிருந்தது. வீடு பில்டருக்குப் போயிற்று.

சென்ற வாரம் கவாடிகூடாவில் வேறொரு வீட்டைப் பார்த்து வந்திருக்கிறார். நிலம் 160 கஜம். அடுத்த மழைக்கு மறுநாள் மேஸ்திரியுடன் மீண்டும் செல்ல இருக்கிறார்.