மண்டி இறங்கட்டும்: மலக்கசடு நிலையம் எப்படி இயங்குகிறது?

“எங்க டேங்க் கட்டி இருவது வருசமாச்சுங்க. ஒருக்காக்கூட லாரி கூப்புட்டதில்லீங்க.” மேட்டுப்பாளையம் ரோட்டுப் பக்கம் இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பெருமைதானா என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அடுப்படிக்குப் போகலாம். பேசப்போவது கக்கூஸ் சமாச்சாரம்தான். ஆனால் அடுப்படியில் நடப்பதெல்லாம் இதிலும் நடக்கிறது.

ரசச் சட்டி

கொள்ளு ரசத்தை இறக்கிக் கலக்காமல் வைத்தால் மேலே தெளிவு, அடியில் மண்டி. செப்டிக் டேங்க் செய்வதும் இதையே. தெளிவு வெளியேறும்; மண்டி, அதாவது மலக்கசடு, தங்கும். மண்டி ஏற ஏறத் தெளிவுக்கு இடம் குறைந்து, பிறகு இரண்டும் சேர்ந்தே வெளியே வரும். அதனால்தான் 2, 3 வருடத்துக்கு ஒருமுறை லாரியை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சரி, உறிஞ்சிய லாரி எங்கே போகும்? பாதாளச் சாக்கடை இல்லாத பல ஊர்களில், இருட்டியபின் ஏதாவது பள்ளத்துக்கு. இதற்கு முறை வகுத்துத் தமிழக அரசு 2014-இல் நெறிமுறை வெளியிட்டது. மறு வருடம் ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் வந்தன. கக்கூஸ் கட்டினால் மட்டும் போதாது, கழிவு போய்ச் சேரும் இடமும் கணக்கில் வர வேண்டும் என்றது ஆறாவது இலக்கு. அதே 2015-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் உதவியோடு தமிழகத்தில் இதற்கென ஒரு திட்டம் தொடங்கியது. பெங்களூரின் இந்திய மனிதக் குடியிருப்புகள் நிறுவனம் முன்னின்றது. கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பும் சேர்ந்துகொண்டது. மாதிரிக்கு எடுத்தவை திருச்சி மாநகரமும், நம் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளும். இரண்டு பேரூராட்சிக்கும் பொதுவாக ஒரு மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. இவ்வகை நிலையம் இயங்கும் விதம் இதுதான்.

காபி பில்டர்

லாரி கொண்டுவருவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். துணி, பிளாஸ்டிக் போன்றவற்றைக் கம்பி வலையில் தடுத்துவிட்டு, மிச்சத்தை உலர்படுகையில் பரப்புவார்கள். அடியில் ஜல்லி, மேலே மணல். டிகாக்‌ஷன் இறங்குவதுபோலத் தண்ணீர் சொட்டுச் சொட்டாய்க் கீழே இறங்கும். மேலே தங்கியதை வெயில் வடகம்போலக் காயவைக்கும். காய்ந்தது வெடித்துப் பாளம் பாளமாய்ப் பெயர்ந்து வரும். அதை உடனே வயலில் போட முடியாது. குடல்புழு முட்டைகள் லேசில் சாகா; மக்கவைத்தே உரமாக்க வேண்டும்.

தயிர்ச் சட்டி

கழுவாத தயிர்ச் சட்டியில் பாலை ஊற்றினால் தனியே உறை ஊற்ற வேண்டாம். சுவரில் ஒட்டியிருப்பதே போதும். வடிந்த தண்ணீர் போகும் அடுத்த தொட்டியும் இப்படித்தான். காற்றுப் புகாத தொட்டி, உள்ளே கற்கள், கற்களின் மேல் வழவழவென்று ஒட்டிய நுண்ணுயிர்கள். தண்ணீர் கடந்து போகும்போதே அழுக்கைத் தின்றுவிடும். கல்லைத் தேய்த்துக் கழுவினால் வேலை நின்றுபோகும்.

புழக்கடை

அந்தக் காலத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகும். இங்கும் செடி நட்ட ஜல்லிப் படுகை வழியே தண்ணீர் ஊர்ந்து, கடைசியில் ஆழமில்லாத குளத்தில் வெயில் காய்கிறது. அங்கே கிருமி குறையும். பிறகு அது செடிகளுக்குப் பாயும், குடிக்க அல்ல.

பெரிய மோட்டார் இல்லை, எரிபொருள் இல்லை; வெயிலும் மணலும் நுண்ணுயிரும் பார்க்கும் வேலை. ஆனால் அடுப்பில் ஏற்ற ஏதாவது வர வேண்டுமே! எத்தனை உதவி சேர்ந்தாலும் மண்டி நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

இப்போது அந்தப் பெருமைக்கு வருவோம். இருபது வருடமாக நிறையாத டேங்க் என்றால், பெரும்பாலும் அடி பூசாத டேங்க். ஓட்டைச் சட்டியில் ரசம் வைத்துவிட்டு, “பாருங்க, பொங்கவே இல்லை” என்பதுபோல. ரசம் எங்கேயும் மாயமாகிவிடவில்லை. அதே வாசலில், நாலு எட்டு தள்ளித்தான் நம் போர்வெல் இருக்கிறது.