பட்டாசு வெடிக்காத ஊரில் பறவை பார்க்கலாம், வாங்க!

ஈரோடு: மஞ்சளும் ஜவுளியும் மட்டும்தான் ஈரோடு என்று நினைப்பவர்கள், ஒரு நாள் விடியற்காலையில் வெள்ளோடு பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகும் ரோட்டில் சுமார் 15 கி.மீ. தூரத்தில் இருக்கிறது வெள்ளோடு பறவைகள் சரணாலயம். சுமார் 77 ஹெக்டேர் பரப்புள்ள பெரிய குளம்தான் இது. 2022ல் சர்வதேச ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்தது.

மழை பெய்து குளம் நிரம்பினால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் வந்து இறங்கும். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை போனால் ஏமாற்றம் இருக்காது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து அப்படியே சென்னிமலை. முருகனைக் கும்பிட்டு, கைத்தறிப் போர்வை வாங்கலாம். சாயங்காலம் ஈரோடு திரும்பி, காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறைக்குப் போனால் ஒரு நாள் டூர் முடிந்தது.

ஒரே ஒரு விஷயம். வெள்ளோட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் பல வருஷமாகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. சத்தம் கேட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் பறந்துவிடும். முட்டையும் குஞ்சும் காக்காய்க்கு இரையாகிவிடும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. அந்த ஊர்க் குழந்தைகளே மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளும்போது, பார்க்கப் போகும் நாம் ஹாரன் அடிக்கலாமா?