நேர்காணல் அறையில் எதை அளக்கிறோம்?

கோவையிலிருந்து எர்ணாகுளம் செல்லும் ரயில் ஆலுவாவில் நிற்கும்போது, தோளில் மடிக்கணினிப் பையும் கையில் சான்றிதழ் உறையுமாக இறங்கும் இளைஞர்களைக் காணலாம். காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் மென்பொருள் வேலை தேடி வருவோரும் அவர்களுள் உண்டு. கல்விக்கடன் பெற்றுப் படித்தவருக்கு, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்தால் பொதுவாகத் தவணை தொடங்கிவிடும். ஆகவே அரைமணி நேரக் கேள்வி பதில் ஒரு குடும்பத்தின் வரவுசெலவையே மாற்றிவிடுகிறது. அவ்வளவு பாரத்தைத் தாங்கும் வலு அதற்கு உண்டா?

மனம்போன போக்கில் உரையாடும் நேர்காணலுக்கு அவ்வலு குறைவு. ஷ்மிட், ஹண்டர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் இதனைக் காட்டினர். அனைவரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பிடுவது மேலானது. செய்யப்போகும் வேலையின் ஒரு பகுதியைச் செய்துகாட்டச் சொல்வதும் அவ்வாறே. 2022இல் வெளிவந்த மறுஆய்வு பல முறைகளின் மதிப்பைக் குறைத்தபோதும், வரையறுத்த நேர்காணலுக்கே முதலிடம் தந்தது. விமானத்துள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற புதிர்கள் வெறும் காலவிரயம் என்று கூகுளின் அந்நாளைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ போக் 2013இல் வெளிப்படையாகவே கூறினார். நம் ஊர் நிறுவனங்கள் சில இன்னும் அப்புதிர்களை விடவில்லை!

மென்பொருள் பணியில் செய்துகாட்டுதல் எளிதே. பிழையுள்ள நூறு வரி நிரலைக் கொடுத்து, வழக்கமான கணினியில், இணையத்தைப் பார்க்கவும் விட்டு, திருத்தச் சொல்லலாம். ஏன் அவ்வாறு திருத்தினார் என்று பிறகு கேட்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் இக்காலத்தில் அந்த விளக்கமே உண்மையான தேர்வு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நான்கு நாள் பணியை நாம் ஏற்பதில்லை. வேறு வேலையில் இருப்பவரையும் கைக்குழந்தையுள்ள தாயையும் அது தொடக்கத்திலேயே வடிகட்டிவிடும்.

ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ நிறுவனம் இன்னும் ஒரு படி சென்றது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து, வேலையில் அமர்த்தும் பள்ளியை இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. பட்டம் அங்கே கேட்கப்படுவதில்லை. மாதக்கணக்கில் உடனிருந்து பார்ப்பதே மதிப்பீடு. எல்லா நிறுவனங்களாலும் இயலாத செலவு இது. ஆனால் ஒரே வினாத்தாளும், மதிப்பெண் அட்டவணையும், தனித்தனியே மதிப்பிடும் இரு தேர்வாளர்களும் பத்துப்பேர் பணிபுரியும் சிறு நிறுவனத்திற்கும் எட்டுபவையே. நேர்காணலுக்குச் செல்லும் இளைஞரும், “எதை வைத்து மதிப்பிடுவீர்கள்?” என்று முன்கூட்டியே பணிவாகக் கேட்கலாம்.