பதினொன்றுக்கு ஒன்று

எட்டாம் வகுப்பில் விகிதப் பாடம். கோவையில் நகைப்பட்டறைகள் நிறைந்த பகுதியில் எங்கள் பள்ளி இருப்பதால், மாணவர்களுக்குப் பழக்கமான தங்கத்திலிருந்தே தொடங்கினேன். "24 காரட் என்றால் சுத்தத் தங்கம். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு செம்பு போன்ற வேறு உலோகம். அப்படியானால் 8 கிராம் சுத்தத் தங்கத்தை 22 காரட் ஆக்க எவ்வளவு செம்பு சேர்க்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, நானே கரும்பலகையில் எழுதினேன்: 8 × 2/24 = 0.667 கிராம்.

"செம்பு பத்தாது டீச்சர். எங்க அப்பா பதினொரு கிராமுக்கு ஒரு கிராம் போடுவாரு."

கடைசி வரிசையிலிருந்து வந்த குரல். அதிகம் பேசாத மாணவன். முந்தைய மாதம்தான், வீட்டுப்பாடம் செய்யாததற்கு, "பட்டறையில் உட்காரத்தான் நீ லாயக்கு" என்று வகுப்பின் முன் அவனைக் கடிந்திருந்தேன்.

மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதே சரி.

எங்கே தவறினேன்?

8 கிராம் என்பது கலவையின் மொத்த எடை அல்ல. அதிலுள்ள தங்கம் மட்டுமே. அதாவது 22 பங்கு. ஒரு பங்கு 8/22 கிராம். இரண்டு பங்கு 0.727 கிராம். 22:2 என்பதைச் சுருக்கினால் 11:1. அதைத்தான் அவன் சொன்னான். சரிபார்ப்பதும் எளிது: 8 ÷ 8.727 = 0.9167. நகையில் பொறிக்கப்படும் 916 என்ற எண் இதுதான். என் விடைப்படி 0.923 வரும்.

நம் மாணவர்கள் பலர் செய்யும் பிழையும் இதுவே: பகுதியை முழுமை என்று எடுத்துக்கொள்வது. வகுப்பில் இதற்கு ஒரு மதிப்பெண் போகும். பட்டறையில் 100 கிராம் சுத்தத் தங்கம் வாங்கியவர் 109.09 கிராம் 22 காரட் தங்கமாகக் கணக்குக் காட்ட வேண்டும். என் கணக்கைப் பின்பற்றினால் 108.33 கிராம்தான் தேறும். குறையும் முக்கால் கிராமுக்கு அவரே பொறுப்பு. செம்பு கூடிவிட்டாலோ, ஹால்மார்க் சோதனையில் நகை நிற்காது.

பட்டறையில் கண்டது

அவனிடமும் அவன் தந்தையிடமும் கேட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். மூசையில் தங்கத்தோடு வெண்காரத்தையும் இட்டார். உருகிய வெண்காரம் உலோகத்தின் மேல் படர்ந்து காற்று படாமல் காக்கிறது; ஆக்சைடுகளையும் கரைத்துவிடுகிறது. சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். பற்றவைக்கும் பொடியோ நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும்படி கலக்கப்படுகிறது. அதனால்தான் நகை உருகாமல் இணைப்பு மட்டும் உருகி ஒட்டுகிறது. கம்பியைத் தட்டத் தட்ட அது இறுகுகிறது. சூடேற்றினால் மீண்டும் இளகிக்கொடுக்கிறது.

பிறகு என்னைக் கேட்டார்: "உள்விட்டம் 17 மில்லிமீட்டர், கம்பித் தடிமன் 2 மில்லிமீட்டர். மோதிரத்துக்கு எவ்வளவு நீளம் வெட்டணுங்க?" 17-ஐ மட்டும் π-ஆல் பெருக்கினால் 53.4 மி.மீ. இந்த முறை நான் அவசரப்படவில்லை. அவரே சொன்னார்: "தடிமனையும் கூட்டிக்கணுங்க. இல்லேன்னா விரலுக்குள்ள போகாது." கம்பியை வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது; நடுக்கோடு மட்டும் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே 19 × 3.14 = 59.7 மி.மீ. வட்டத்தின் சுற்றளவை இதைவிடத் தெளிவாக நான் நடத்தியதில்லை.

வகுப்பறையில் செய்ய

இதற்குத் தங்கமோ நெருப்போ தேவையில்லை. தடித்த செம்புக் கம்பியும் ஒரு சிறு குழாயும் போதும். குழாயின் விட்டத்தை அளந்து, இரண்டு விதமாகவும் நீளம் கணக்கிட்டு வெட்டி, குழாயைச் சுற்றி வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கணக்கு பொருந்துகிறது என்பதைக் கம்பியே காட்டிவிடும். கம்பியின் ஒரே இடத்தை முன்னும் பின்னும் வளைக்கச் சொன்னால், அந்த இடம் இறுகி, பின் ஒடிவதையும் விரலால் உணர்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. எந்த மாணவரையும் பெற்றோர் தொழிலைச் சொல்லி எழுப்பி நிறுத்த வேண்டாம்; அது கேலிக்கு வழிவகுக்கும். அமிலமும் தீயும் உள்ள இடத்தில் பிள்ளைகளை வேலை செய்யவிடவும் கூடாது. "இந்தப் புகை என்னோட போகட்டுங்க, அவன் படிக்கட்டும்" என்றார் அந்தத் தந்தை. பட்டறையில் இருக்கும் அறிவு வகுப்புக்கு வர வேண்டும். அதற்காகப் பிள்ளை பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.

திங்கட்கிழமை, முன்பு அவனைச் சொன்ன சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தேன். வகுப்பின் முன் சொன்ன சொல் என்பதால் வகுப்பின் முன்பே. அன்று முதல் எந்த விகிதக் கணக்கை எழுதினாலும் முதல் கேள்வியாக இதைக் கேட்கிறேன்: "கொடுத்திருக்கும் எண் முழுமையா, பகுதியா?" பெரும்பாலும் முதல் பதில் கடைசி வரிசையிலிருந்துதான் வருகிறது.